ஆளுக்கொரு மிளகாய்த் துண்டு

எங்கட கூட்டங்களில் சாப்பாடு எண்ணித்தான் வரும். ரோல்ஸ் ஆளுக்கு ரெண்டு, பற்றிஸ் ஆளுக்கு ஒண்டு, கட்லட் மிஞ்சினால் பார்க்கலாம். படம் பார்க்க, வாசிச்ச புத்தகத்தைப் பற்றிக் கதைக்க, ஆருக்காவது பிறந்தநாள் கொண்டாட, ஆராவது வெளிநாடு வெளிக்கிட முதல் ஒருக்கா முகம் பார்க்க என்று மாசத்தில் ஒரு தடவையாவது கூடிவிடுறம். பத்துப் பேருக்கு இருபது ரோல்ஸ் என்றால் கணக்கு சரி, ஆருக்கும் குறையாது. ஆனால் கையில் இருக்கிற ரெண்டையும் முடிச்ச உடனே அவரவர் மூலையில் இருந்து போனைப் பார்க்கத் தொடங்கிவிடுவினம்.

நடுவில் ஒரு தட்டம் இருந்தால் நிலைமை வேற. எல்லாரும் அதைச் சுத்தி வரவேணும், கை நீட்டவேணும், மற்றவனின் கை விலகுமட்டும் பொறுக்கவேணும். பொறுக்கிற நேரத்தில் கதை வரும். அதனால்தான் கொஞ்சக் காலமாக எங்கட கூட்டங்களுக்கு நாச்சோஸ் செய்யிறம். மொறுமொறுப்பான முக்கோணத் துண்டுகள், மேல துருவின சீஸ், அதுக்கு மேல வினாகிரியில் ஊறின மிளகாய், ஓவனில் சில நிமிசம். சினிமாத் தியேட்டரில் கடதாசிப் பெட்டிக்குள் மஞ்சள் சோஸ் ஊற்றித் தருகிறதைச் சாப்பிட்டவர்களுக்குப் பெயர் தெரிஞ்சிருக்கும். நாங்கள் சொல்லப்போறது அந்தச் சோஸ் வாறதுக்கு முந்தின நாச்சோஸைப் பற்றி.

தட்டத்துக்கும் ஒரு வில்லங்கம் இருக்கு. நாச்சோஸ் என்று இணையத்தில் தேடினால் வருகிற படங்கள் எல்லாம் மலை. துண்டுகளைக் குவிச்சு, மேலே சீஸைக் கொட்டி, அதுக்கு மேலே இறைச்சி, தக்காளி, அவகாடோ. படத்துக்கு நல்லாத்தான் இருக்கு. சாப்பிடும்போது மேலே இருக்கிற பத்துப் பன்னிரண்டு துண்டுக்குத்தான் எல்லாம் கிடைக்கும். அடியில் இருக்கிறது வெறும் துண்டு, அதுவும் தக்காளித் தண்ணி இறங்கி மொறுமொறுப்புப் போனது. முதல் வாறவைக்கு மேல்பக்கம், கடைசியா வாறவைக்கு அடி. எங்கட வீடுகளில் கடைசியா வாறது ஆர் என்று சொல்லத் தேவையில்லை. "மச்சான், கீழ சீஸே இல்லையடா" என்று ஒருத்தன் கத்தினால் எல்லாரும் சிரிப்பம். அவ்வளவு நேரமும் குசினிக்குள் நிண்ட அக்கா அப்பிடிக் கத்தமாட்டா. கிடைச்சதைச் சாப்பிட்டிட்டுத் தட்டத்தைக் கழுவக் கொண்டுபோயிடுவா.

இந்தச் சாப்பாட்டை முதலில் செய்த மனுசன் மலை கட்டவில்லை. அந்தக் கதையைச் சொல்லவேணும்.

மெக்சிக்கோவின் வடக்கில், கோவாஹுயிலா மாநிலத்தில், பியெட்ராஸ் நெக்ராஸ் என்று ஒரு எல்லை நகரம் இருக்கு. 'கறுப்புக் கற்கள்' என்று அர்த்தம், அந்தப் பக்கத்து நிலக்கரியால் வந்த பெயர். ஆற்றுக்கு அக்கரையில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஈகிள் பாஸ். நடுவில் பாலம். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943 இல், ஈகிள் பாஸ் பக்கம் இருந்த அமெரிக்கப் படையினரின் மனைவிமார் சிலர் பாலத்தைக் கடந்து பியெட்ராஸ் நெக்ராஸுக்கு வந்து, விக்டரி கிளப் என்ற உணவகத்துக்குள் போனார்கள் என்றுதான் கதை தொடங்கும். பசியோடு வந்திருக்கினம், சமையல்காரரைக் காணேல்லை. வாறவையை வரவேற்று இருத்துகிற வேலையில் இருந்தவர் இக்னாசியோ அனயா. அவரே குசினிக்குள் போனார். இருந்த தோர்த்தியாவை முக்கோணமாக வெட்டிப் பொரிச்சார். சீஸ் துருவிப் போட்டு உருகவிட்டார். ஒவ்வொரு துண்டிலும் ஊறவைச்ச ஹலப்பேனியோ மிளகாயில் ஒரு வளையம் வைச்சார். அவ்வளவுதான்.

இக்னாசியோ என்ற பெயரைச் செல்லமாகக் கூப்பிடுறது 'நாச்சோ' என்று. எங்கட ஊரில் சிவகுமாரைச் 'சிவா' என்கிற மாதிரி. அந்தப் பெண்கள் சாப்பிட்டதுக்கு 'நாச்சோவின் ஸ்பெஷல்' என்று பெயர் விழுந்தது. 1954 இல் ஈகிள் பாஸ் தேவாலயம் ஒன்று வெளியிட்ட சமையல் புத்தகத்தில் இந்த உணவு அச்சில் வந்துவிட்டது. பேந்து 'ஸ்பெஷல்' உதிர்ந்து நாச்சோஸ் மட்டும் மிஞ்சி, இன்றைக்கு அகராதியில் சின்ன எழுத்தில் கிடக்கு. ஒரு மனுசனின் வீட்டுப் பெயர், பன்மையில்.

அனயாவுக்கு இதால் பெரிய காசு ஒன்றும் வரவில்லை. தன் பெயரில் ஒரு உணவகம் நடத்தினார். மகன் பிறகு சட்டத்தரணியிடம் கேட்டபோது உரிமை கோருவதற்குக் காலம் கடந்துவிட்டது என்று சொல்லப்பட்டதாம். 1975 இல் அனயா இறந்துபோனார். அடுத்த வருசம், 1976 இல், டெக்சாஸ் ஆர்லிங்டன் பேஸ்போல் மைதானத்தில் ஃபிராங்க் லிபெர்ட்டோ என்ற வியாபாரி, சூட்டோடு ஊற்றக்கூடிய சீஸ் சோஸ் ஒன்றைச் செய்து நாச்சோஸை விற்கத் தொடங்கினார். வரிசையில் நிக்கிறவனுக்கு ஓவன் சூடேறுமட்டும் காத்திருக்க ஏலாது, ஆகவே ஊற்றிக் கொடு, அடுத்த ஆள். அவரில் பிழை சொல்ல எங்களுக்கு ஒன்றுமில்லை, வியாபாரி செய்யிறதைத்தான் செய்தார். ஆனால் அங்கதான் துண்டுக்குத் துண்டு வைச்ச சாப்பாடு, மேலால் ஊற்றுகிற சாப்பாடாகிப்போச்சு.

அந்தப் பாலத்தையும் ஆற்றையும் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கர்கள் ரியோ கிராண்டே என்றும் மெக்சிக்கர்கள் ரியோ பிராவோ என்றும் சொல்லுகிற ஆறு அது. 2023 யூலையில் ஈகிள் பாஸ் பகுதியில் அந்த ஆற்றுக்குள் பெரிய மிதவைகளைக் கட்டி டெக்சாஸ் அரசு ஆட்களை மறிக்கத் தொடங்கியது. 2024 ஜனவரியில் கரையோரப் பூங்கா ஒன்றை மாநிலப் படை தன் கையில் எடுத்து முட்கம்பி அடிச்சது. அதே மாதம் ஒரு தாயும் ரெண்டு பிள்ளைகளும் அந்த ஆற்றில் மூழ்கி இறந்தார்கள். தெற்கால போய்ப் பசியாறித் திரும்பின பெண்களுக்குப் பாலம் இருந்தது. வடக்கால போக வெளிக்கிட்ட அந்தத் தாய்க்கு ஆறுதான் இருந்தது. முட்கம்பியும் சோதனைச்சாவடியும் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இதை வாசிச்சபிறகு நாச்சோஸை வெறும் 'பார்ட்டி ஐட்டம்' என்று சொல்ல வாய் வரேல்லை.

சரி, குசினிக்குப் போவம்.

முதல் கேள்வி துண்டு. கடையில் பைக்கற்றில் வாற தோர்த்தியா சிப்ஸ் இறக்குமதி, விலையைப் பார்த்தால் திரும்பி வைச்சிடுவியள். நாங்கள் வீட்டிலேயே செய்யிறம். இங்க ஒரு விசயம் விளங்கவேணும். மெக்சிக்கோவில் தோர்த்தியாவுக்குச் சோளத்தை, அதாவது எங்கட சோளனை, அப்பிடியே அரைக்கிறதில்லை. சுண்ணாம்புத் தண்ணியில் அவிச்சு, இரவு முழுக்க ஊறவிட்டு, தோல் கழுவி, பிறகுதான் அரைக்கிறது. ஆயிரக்கணக்கான வருசப் பழக்கம் அது. சுண்ணாம்பு பட்டால்தான் மா ஒட்டும், கிழியாமல் தட்டலாம், தோர்த்தியாவுக்கு அந்த வாசம் வரும்.

இன்னொரு வேலையும் அது செய்யுது. சோளத்துக்குள் பூட்டிக்கிடக்கிற நியாசின் என்ற விற்றமினை அவிழ்த்து உடம்புக்குக் கொடுக்குது. கொலம்பசுக்குப் பிறகு சோளத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனவர்கள் விதையைக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பை விட்டிட்டுப் போனார்கள். சோளத்தையே நம்பிச் சாப்பிட்ட ஏழைச் சனத்துக்குத் தோல் வெடிச்சு, வயிறு கெட்டு, புத்தி பேதலிக்கிற வருத்தம் வந்தது. ஸ்பெயினில் 1735 இல் ஒரு வைத்தியர் அதை விவரிச்சார், இத்தாலியில் அதுக்குப் 'பெலாக்ரா' என்று பெயர். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் ஆயிரக்கணக்கானோர் அதால் செத்தார்கள். நியாசின்தான் மருந்து என்று தெரியவர 1937 ஆகிவிட்டது. ஒரு சனத்தின் சாப்பாட்டை எடுக்கிறது சுகம். அந்தச் சனத்தின் பெண்கள் அதை ஏன் அப்பிடிச் சமைக்கினம் என்று கேட்க ஆருக்கும் தோன்றேல்லை. வெத்திலைத் தட்டத்தில் சுண்ணாம்பைக் கண்டு வளர்ந்த எங்களுக்கு இந்தக் கதை கொஞ்சம் கிட்டவாகவே படுது.

எங்கட கடைகளில் கிடைக்கிற சோளன் மா சுண்ணாம்பு காணாதது, தனியாகப் பிசைஞ்சால் உதிரும். ஆகவே ஒண்டரைக் கோப்பை கோதுமை மாவும் ஒரு கோப்பை சோளன் மாவும். இதை மோசடி என்று நினைக்கவேண்டாம். ஸ்பானியர் கோதுமை கொண்டுவந்த பிறகு வட மெக்சிக்கோவில் கோதுமைத் தோர்த்தியாதான் பல வீடுகளில் அன்றாடச் சாப்பாடு. உப்பு, ரெண்டு மேசைக்கரண்டி எண்ணெய், இளஞ்சூட்டுத் தண்ணி. குழைச்சு அரை மணித்தியாலம் மூடி வையுங்கோ. ரொட்டிக்குத் தட்டுகிறதைவிட மெல்லிசாக உருட்டி, முள்ளுக்கரண்டியால் குத்தி, கல்லில் ரெண்டு பக்கமும் அரைவாசி வேகவிட்டு, எட்டாக வெட்டினால் முக்கோணம். எண்ணெயில் பொரிக்கலாம். நாங்கள் 180 பாகையில் பத்துப் பன்னிரண்டு நிமிசம் ஓவனில் விடுறம். ஐந்து வட்டத்தில் நாற்பது துண்டு, எட்டுப் பேருக்குக் காணும். முதல்நாளே செய்து பேணியில் அடைச்சு வைக்கலாம்.

எங்களில் ஒருத்தியின் அம்மா எட்டிப் பார்த்திட்டுக் கேட்டா: "இதென்ன பிள்ளையள், அப்பளத்துக்கு மேல சீஸ் போட்டு வைச்சிருக்கிறியள்?" பதில் சொல்லக் கஷ்டமான கேள்வி. மெக்சிக்கோவிலேயே கனபேர் நாச்சோஸைத் தங்கட சாப்பாடு என்று ஒத்துக்கொள்ளமாட்டினம், டெக்சாஸ்காரரின் சாமான் என்பினம். யுனெஸ்கோ 2010 இல் மெக்சிக்கோவின் மரபுச் சமையலை அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது மனசில் இருந்தது சுண்ணாம்புச் சோளமும் அவரையும் மிளகாயும், மஞ்சள் சீஸ் இல்லை. மாடே அங்கு ஸ்பானியரோடு வந்தது. ஆனால் நாச்சோஸைச் செய்த கை மெக்சிக்கக் கை, செய்த குசினி மெக்சிக்கக் குசினி, இருந்த சாமானை வைச்சு வந்தவையின் பசியைத் தீர்த்த வேலை. ரொட்டியைக் கொத்தி அதுக்கு மேல சீஸ் ஊற்றி 'சீஸ் கொத்து' என்று சாப்பிடுகிற நாங்கள் ஆரிட்டயும் தூய்மை பற்றிக் கதைக்க நியாயமில்லை.

மிளகாயும் அங்கிருந்து வந்ததுதான். போர்த்துக்கேயர் வந்து கொஞ்சக் காலத்துக்குப் பிறகுதான் எங்கட கறிகளுக்கு அந்த உறைப்பு வந்தது. அதுக்கு முதல் மிளகு மட்டும். மிளகுபோல உறைக்கிற காய், மிளகாய். கிழக்கிலும் மலையகத்திலும் 'கொச்சிக்காய்' என்பினம், கொச்சித் துறைமுகத்தால் வந்த பெயர் என்று சொல்லுவினம். ஹலப்பேனியோவின் பெயரும் ஊரால் வந்ததுதான்: வெராக்ரூஸ் மாநிலத்து ஹலாப்பா நகரம்.

ஹலப்பேனியோ போத்தல் தேடி அலையத் தேவையில்லை. கறிமிளகாயும் உறைப்புக்கு ரெண்டு பச்சைமிளகாயும் வளையமாக வெட்டுங்கோ. வினாகிரியும் தண்ணியும் சமஅளவு, உப்பு, கொஞ்சம் சீனி, ரெண்டு பல்லு உள்ளி. கொதிக்கவைச்சு மேலே ஊற்றுங்கோ. ஒரு மணித்தியாலத்தில் சாப்பிடலாம், அடுத்தநாள் இன்னும் திறம். இந்தப் புளிப்பும் உறைப்பும் இல்லாவிட்டால் சீஸ் மூன்றாவது துண்டிலேயே திகட்டிப்போகும்.

அடியில் பூச நாங்கள் கௌப்பி பாவிக்கிறம். அங்கத்தைய அவரைக்குப் பதில் இது. இரவு ஊறவிட்டு அவிச்சு, வெங்காயம், உள்ளி, சின்னச்சீரகம், மிளகாய்த்தூளோடு தாச்சியில் மசிச்சு, தண்ணி வத்துமட்டும் கிண்டவேணும். கரண்டியால் எடுத்தால் விழக்கூடாது. இளக்கமாக இருந்தால் துண்டு ஊறிவிடும்.

சீஸ் 250 கிராம் எடுத்தால் துண்டுக்கு ஆறு கிராம் அளவில் வரும். பாதி செடார், பாதி மொஸரெல்லா. செடார் ருசிக்கு, மொஸரெல்லா இழுபடுறதுக்கு. கட்டியாக வாங்கித் துருவுங்கோ. துருவி விற்கிற சீஸில் ஒட்டாமல் இருக்க மாப்பொருள் தூவியிருப்பினம், அது வடிவா உருகாது. ஓவன் 200 பாகை, ஆறிலிருந்து எட்டு நிமிசம். சீஸைக் கனநேரம் விட்டால் புரதம் இறுகி, எண்ணெய் வெளியில வடிஞ்சு, ரப்பர் மாதிரி ஆகிவிடும். ஓரம் லேசாகப் பொன்னிறம் காணும்போதே எடுத்திடவேணும். ஓவன் இல்லாதவை அடிப்பாரமான தாச்சியில் மெல்லிய நெருப்பில் மூடி போட்டு உருக்கலாம். முந்தி கேக்குக்குச் செய்த மாதிரி மூடியில் தணல் அள்ளிப் போட்டால் மேலேயும் சிவக்கும். 2022 இல் 13 மணித்தியாலம் கரண்ட் போன நாளைக் கண்டவர்களுக்கு இதெல்லாம் புதுசில்லை.

முக்கியமானது அடுக்கிற விதம். ஒரே அடுக்கு. ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் தட்டில் பரப்பி, துண்டுக்கு ஒரு பூச்சுக் கௌப்பி, ஒரு கிள்ளுச் சீஸ், ஒரு வளையம் மிளகாய். நாற்பது துண்டுக்கும் நாற்பது வளையம். அலுப்பான வேலை, உண்மை. மூன்று பேர் இருந்து கதைச்சுக்கொண்டு வைச்சால் பத்து நிமிசம். தக்காளி, வெங்காயம், மல்லி இலை, தேசிக்காய்ப்புளி சேர்த்த சல்சாவைத் தனிக் கோப்பையில் வையுங்கோ. தக்காளியின் விதையையும் தண்ணியையும் எடுத்திட்டுத்தான் வெட்டவேணும். அவகாடோவும் அப்பிடியே, உப்பும் தேசிக்காயும் விட்டு மசிச்சு, பக்கத்தில். சீனியும் பாலும் போட்டு அடிச்சுக் குடிச்சே பழகின சிலபேர் முதலில் முகம் சுளிப்பினம். விடுங்கோ, ரெண்டாவது துண்டுக்கு அவையே கோப்பையைத் தங்கட பக்கம் இழுப்பினம்.

துண்டுக்குத் துண்டு வைக்கிறதில் இன்னொரு வசதி. எங்களுக்குள் வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடாதவை இருக்கினம், எந்த நாளும் சாப்பிடாதவை இருக்கினம், ஹலால் பார்த்துச் சாப்பிடுறவை இருக்கினம். குவிச்ச மலையில் ஒரு பிடி கோழி விழுந்தால் முழுத்தட்டும் அவர்களுக்கு இல்லாமல் போயிடும். அடுக்கின தட்டில் கோழிக்கு வேற தட்டு, வேற கரண்டி. சீஸ் உறையிலும் ரென்னட் எதிலிருந்து எடுத்தது, ஹலால் குறி இருக்கோ என்று பார்த்துத்தான் வாங்கிறம். கேட்கிறவை கேட்க முதல் சொல்லிவிட்டால் அவையும் ஒதுங்கி நிக்கமாட்டினம்.

அக்கரைப்பற்றிலிருந்து வாற எங்கட நண்பன் ஒருத்தன் முதல்முறை தட்டைக் கண்டபோது "இது சவன்தானே" என்றான். முஸ்லிம் வீட்டுக் கலியாணங்களில் ஒரு பெரிய தட்டில் சோறு வரும், ஆறு பேர் சுத்தியிருந்து சாப்பிடுவினம். எதிர்ப்பக்கம் எவ்வளவு பெரிய இறைச்சித் துண்டு கிடந்தாலும் கை நீளாது. தனக்கு முன்னால இருக்கிற பக்கத்திலிருந்துதான் எடுக்கவேணும், அதுதான் மரியாதை. அன்றைக்கு அவன் சொல்லித்தந்த பழக்கம் எங்களிட்ட ஒட்டிக்கொண்டுது. இப்ப ஆராவது நடுவுக்குக் கை நீட்டினால் "சவன், சவன்" என்று நாலு குரல் கேட்கும்.

உருகின சீஸுக்குப் பத்து நிமிசம்தான் ஆயுள். ஆறினால் இறுகிவிடும், திரும்பச் சூடாக்கினால் துண்டு கருகும். ஆகவே ஆட்கள் வந்து இருந்தபிறகுதான் ஓவனுக்குள் போகவேணும். இதால் ஒரு ஆள் உள்ளே நிக்கவேண்டி வருது. அப்பம் சுடுகிற வீடுகளில் இதே கதைதான். எல்லாருக்கும் சுடச்சுட ஒவ்வொன்றாகச் சுட்டுக் கொடுத்திட்டு, தாச்சியைக் கழுவி வைச்சபிறகு, ஆறின அப்பம் ரெண்டோடு அம்மா தனிய இருந்து சாப்பிடுவா. 'நீங்களும் வாங்கோவன்' என்று மேசையில் இருந்தபடி கூப்பிடுவம். எழும்பிப் போய்க் கரண்டியை வாங்கினதை எத்தனை வீட்டில் கண்டிருக்கிறியள்?

எங்கட கூட்டத்தில் ஓவனுக்கு முறை இருக்கு. பெயர்களைக் கடதாசியில் எழுதிக் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கு, தட்டுக்கு ரெண்டு பேர், அதில் ஒருத்தன் கட்டாயம் பெடியனாக இருக்கவேணும். முதல் தட்டை உள்ளே விட்டவை ரெண்டாவது தட்டுக்கு வெளியில வந்து இருப்பினம். மூன்றாவது தட்டு எப்பவும் சின்னது, பத்துப் பன்னிரண்டு துண்டு, மிளகாய் கொஞ்சம் கூட. அது வெளியில வராது. அடுப்படியில் நிக்கிறவை நிண்டபடியே, கை சுட, ஊதி ஊதிச் சாப்பிடுற தட்டு. அதில பங்கு வேணுமெண்டால் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு உள்ளுக்கு வாங்கோ.